யாளிக்குப் போஸ்டர் செய்வது எப்படி

அக்கா மகன் தங்கள் குறும்படப் போஸ்டருக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் டிசைனில் பதினான்கு சாமான் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். நிலா, மின்னல், மெர்லயன் என்ற சிங்கத்தலை மீன், மூன்று கோபுர ஹோட்டல், ஐந்து முகங்கள், ஒரு வாள், தீப்பொறி, புகை, பறக்கும் ஓலைச்சுவடி, கடைசியாக ஒரு மூலையில் யாளி. படத்தில் வாளே கிடையாது. "எப்படி இருக்கு சித்தி?" என்று கேட்டிருந்தான். "திருவிழா நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்று பதில் போட்டேன்.

அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடம் லேஅவுட் பார்த்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, தீமிதி நோட்டீஸ், கடைத் திறப்பு விழா பேனர் எல்லாம் செய்திருக்கிறேன். நோட்டீஸில் உபயதாரர் ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் சண்டை வரும், அதனால் எல்லாம் இருந்தாக வேண்டும். சினிமா போஸ்டருக்கு அந்தத் தலைவிதி இல்லை. இந்த ஒன்றைப் புரியவைக்கத்தான் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி வருடப் பிள்ளைகள் எடுத்த பதினான்கு நிமிடக் குறும்படம். பெயரை அவர்கள் இன்னும் வெளியிடவில்லை, இங்கே 'தொலைந்த யாளி' என்று வைத்துக்கொள்வோம். சாங் நீல உத்தமன் என்ற இளவரசன் இந்தத் தீவில் ஒரு விலங்கைப் பார்த்தான், சிங்கம் என்று சொன்னார்கள், ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைத்தான் என்ற கதை பள்ளிக்கூடத்திலேயே நமக்குத் தெரியும். ஆனால் 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் அந்த விலங்கின் வர்ணனை வேறு மாதிரி இருக்கிறது. உடம்பு சிவப்பு, தலை கறுப்பு, மார்பு வெள்ளை, ஆட்டுக்கடாவைவிடக் கொஞ்சம் பெரிது. சிங்கத்துக்கு ஏது சிவப்பு உடம்பு? அது சிங்கமே இல்லை, யாளி, எழுநூறு வருடமாக இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது பிள்ளைகளின் கற்பனை. தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது தூண்கள் நிற்கும் திறந்த கீழ்த்தளத்தில், உயர்நிலை ஒன்று படிக்கும் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிடுகிறாள்.

இவ்வளவு நல்ல கதைக்குத்தான் பதினான்கு சாமான்.

முதலில் படத்தைப் பாருங்கள். முழுதாக எடிட் ஆகாவிட்டாலும் ரஃப் கட்டை ஒரு தடவை பாருங்கள். கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போஸ்டர் செய்தால் வாள்தான் வரும். பார்த்த பிறகு இயக்குநரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தில் நடக்கவே முடியாத விஷயம் எது? ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். எங்கள் இயக்குநர் பெண் ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, "யாளி இருக்கிறது இல்ல ஆண்ட்டி, அது வாய்ட் டெக்ல இருக்கிறது" என்றாள். கெட்டிக்காரி. யாளி கோயிலில் இருந்தால் அதில் அதிசயம் இல்லை. காசு போட்டால் பாக்கெட் பானம் விழும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால்தான் அதிசயம்.

ஆகவே கணக்கு இதுதான்: போஸ்டரில் மாயம் ஒன்று, மற்றதெல்லாம் அசல். நாற்காலி, தூண், டியூப் லைட், சுவர்க் கறை எல்லாம் எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த ஒரு பொய்யை ஜனங்கள் நம்புவார்கள். நிலா, மின்னல் எல்லாம் வைத்தால் யாளியும் இன்னொரு அலங்காரமாகிவிடும்.

அப்புறம் மெர்லயனை எடுக்கச் சொன்னேன். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தச் சின்னம் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்துக்கு உரியது, இஷ்டத்துக்குப் போட முடியாது. தோ பாயோ என்றதும் டிராகன் விளையாட்டு மைதானத்தில் போஸ்டர் எடுக்கலாம் என்று ஒருவன் சொன்னான். 1979-இல் கட்டிய மைதானம், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அங்கே போனால் டிராகன்தான் ஹீரோ, யாளி துணை நடிகர்.

இனி பென்சில் வேலை. கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். தேக்கா உணவங்காடியில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு ஏ4 தாளில் நெருப்புப்பெட்டி அளவில் இருபது கட்டம் போட்டோம். ஒவ்வொன்றிலும் ஒரு போஸ்டர், ஒன்றுக்கு ஒரு நிமிடம். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை, பெண் ஒரு முட்டை, யாளி ஒரு கறுப்புத் திட்டு. முதல் ஆறு ஏற்கெனவே எங்கேயோ பார்த்ததாக இருக்கும். பத்துக்கு மேல்தான் சொந்தச் சரக்கு வரும். எங்களுக்குப் பதின்மூன்றாவதில் வந்தது, அதுவும் அக்கா மகன் வாயில்: "சித்தி, கோயில்ல யாளி எங்க இருக்கும்? தூண்லதானே? இங்க கீழ பூரா தூண்தானே?"

அதுதான் போஸ்டர். வரிசையாகத் தூண்கள். சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை, அதன் முன்னால் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெண். அவளுக்குப் பின்னால் ஒரு தூணில், மண்டபத் தூணில் நிற்குமே அதே போல முன்னங்கால் தூக்கி நிற்கும் யாளியின் நிழல். யாளியைக் காட்டவே இல்லை, நிழல் மட்டும். மாணவர் படத்துக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: படத்தில் நீங்கள் செய்த யாளி சுமாராக இருந்தால் போஸ்டரில் அது தெரியாது.

புகைப்படம் எடுக்கப் போகும் முன் நகர மன்றத்திடம் அனுமதி வாங்குங்கள். படப்பிடிப்புக்கு வாங்கியிருந்தால் அதே தேதிகளில் போஸ்டர் படத்தையும் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம், நடிகைக்கு அப்போது அதே உடை, அதே தலைமுடி. நாங்கள் விட்டுவிட்டோம். நடுவில் பெண் முடி வெட்டிக்கொண்டாள். பையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிச் சமாளித்தோம். சுவரில் எழுதியிருக்கும் புளோக் எண்ணையும் சீருடையில் பள்ளிச் சின்னத்தையும் எடுத்துவிடுங்கள். ஒருவர் வீட்டு முகவரியை ஊர் முழுக்க ஒட்டக் கூடாது.

நிழல் வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மூன்று ராத்திரி போனது.

காலணிப் பெட்டி அட்டையில் முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு யாளியை வெட்டுங்கள். யாளி என்றால் சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். நிழலில் கண் தெரியாது. துதிக்கை மட்டும் தெரிந்தால் எல்லாரும் யானை என்பார்கள். அதனால் துதிக்கைக்குக் கீழே வாயைப் பிளந்து இரண்டு பல் வெட்ட வேண்டும், தூக்கிய காலில் நகம் தனித்தனியாகத் தெரிய வேண்டும், பிடரி மயிர் சுருள் சுருளாக வர வேண்டும். வெட்டிவிட்டு, கதை தெரியாத யாரிடமாவது காட்டுங்கள். எங்கள் கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "டிராகன் ஆ?" என்றார். எனக்கு அது போதும். யானை என்று சொல்லவில்லை.

வெளிச்சத்துக்குக் கைபேசி டார்ச்சே போதும். புள்ளி மாதிரிச் சின்ன விளக்கு என்றால் நிழலின் ஓரம் கூர்மையாக விழும், பெரிய எல்இடி பலகை என்றால் ஓரம் மங்கும். அட்டை டார்ச்சிலிருந்து 60 சென்டிமீட்டரில், சுவர் டார்ச்சிலிருந்து 3 மீட்டரில் இருந்தால் நிழல் ஐந்து மடங்கு, அதாவது முப்பது சென்டிமீட்டர் யாளி ஒன்றரை மீட்டர் யாளியாகும். அட்டையை டார்ச்சுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் பெரிதாகும். டார்ச்சைத் தரையோடு வையுங்கள், கீழிருந்து வரும் வெளிச்சத்தில்தான் யாளி ஓங்கி நிற்கும்.

இதை வாய்ட் டெக்கிலேயே செய்துவிடலாம் என்று முதல் ராத்திரி போனோம். மேலே எரியும் விளக்குகள் நிழலைக் கழுவிவிட்டன. அந்த விளக்குகளை அணைக்கவும் முடியாது. அப்புறம் பெண்ணையும் தூணையும் அங்கே எடுத்துக்கொண்டு, நிழலை என் படுக்கையறை வெள்ளைச் சுவரில் எடுத்தோம். போட்டோஷாப்பில் நிழலைத் தனி அடுக்காக, அதாவது லேயராக, புகைப்படத்தின் மேல் வைத்து 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையைப் போட்டால் வெள்ளை காணாமல் போய் நிழல் மட்டும் நிற்கும்.

நிற்கும், ஆனால் ஒட்டாது. ஒட்ட வைக்க மூன்று சங்கதி. ஒன்று, நிறம். அட்டை நிழல் சுத்தக் கறுப்பாக இருக்கும், வாய்ட் டெக்கில் சுத்தக் கறுப்பு கிடையாது. கல்மேசைக்கு அடியில் விழுந்திருக்கும் நிஜ நிழலின் நிறத்தை ஐட்ராப்பரால் (நிறம் எடுக்கும் கருவி) எடுத்து, யாளி நிழலுக்குக் கொடுங்கள். எங்களுக்கு அது பச்சை கலந்த சாம்பலாக வந்தது. இரண்டு, மடிப்பு. தூணின் முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு நிழல் போகும் இடத்தில் அது ஒடிய வேண்டும். நேராகவே போனால் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தெரியும். துதிக்கை நுனியை மட்டும் தனியாக வெட்டி, பக்கச் சுவரில் கொஞ்சம் சாய்த்து வைத்தோம், அவ்வளவுதான், உயிர் வந்துவிட்டது. மூன்று, பெண்ணின் மேலும் அதே வெளிச்சம் பட வேண்டும். யாளிக்கு வெளிச்சம் இடப்பக்கம் தரையிலிருந்து வருகிறது என்றால், பெண்ணின் தாடைக்கு அடியிலும் இடப்பக்கம் ஒரு கீற்று வேண்டும். படம் எடுக்கும்போதே டார்ச்சை அப்படி வைத்து எடுங்கள், பிறகு வரைந்து சமாளிக்க முடியாது. மாயப்பட போஸ்டர்கள் பலவற்றில் என்னவோ உதைக்கிறதே என்று தோன்றினால், மூக்கு நிழலைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சூரியன் இருக்கும்.

ஏஐயில் யாளி வரைந்து பார்க்கலாமே என்று பிள்ளைகள் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தடவை தும்பிக்கை வைத்த நாய் வந்தது, இன்னொரு தடவை ஐந்து காலோடு யானை. தலைப்பையும் அதுவே எழுதித் தந்தது, தமிழ் மாதிரியே தெரியும் ஏதோ ஒரு லிபியில்.

நிறத்துக்கு அதிகம் அலையவில்லை, செஜாரா மெலாயுவே தந்துவிட்டது. புத்தகப்பை சிவப்பு, நிழல் கிட்டத்தட்டக் கறுப்பு, தூண் வெள்ளை. மற்ற எல்லா நிறத்தையும் பாதிக்குப் பாதி குறைத்தோம். செய்து முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதிலும் கண் முதலில் பெண்ணிடம் போய், அப்புறம் நிழலுக்குப் போனால் சரி. போகவில்லை என்றால் எந்த நிறம் போட்டும் பிரயோசனம் இல்லை.

சரி, எழுத்து. தமிழில் போஸ்டர் செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய கண்டம். போட்டோஷாப்பில் 'தொலைந்த' என்று ஒட்டினால் சில சமயம் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். லகரத்தின் ஐகாரக் கொம்பும் பின்னால் போய்விடும். எழுத்துருவில் கோளாறு என்று நினைத்துப் பத்து எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு செட்டிங்கில். உங்கள் பதிப்பு சில வருடம் பழையது என்றால் ப்ரெஃபரன்சஸ் போய், டைப் என்பதில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதைவிடப் பழைய பதிப்பில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். பிறகு புதிதாக ஒரு ஃபைல் திறந்து தட்டச்சு செய்யுங்கள். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம், அவற்றில் இந்தத் தொல்லையே இல்லை.

எழுத்துருவுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரன், மீரா இனிமை, பாலு தம்பி, அனெக் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பாலு தம்பி குண்டாகக் குழந்தைப் படத்துக்கு நன்றாக இருக்கும், யாளிக்கு ஆகாது. மாயப்படம் என்றதும் நெருப்பு எரிகிற எழுத்து, சொட்டச் சொட்ட எழுத்து என்று தேடாதீர்கள். நாங்கள் கட்டமரனில் கனமான எழுத்தை எடுத்து, இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' போட்டு எழுத்தை வளைக்கக்கூடிய கோடாக மாற்றி, ஒரே ஓர் எழுத்தில் மட்டும் கைவைத்தோம். 'ளி'யின் தலையில் இருக்கும் இகரச் சுழியைக் கொஞ்சம் நீட்டித் துதிக்கை மாதிரி வளைத்தோம். அக்கா மகன் யகரத்துக்குப் பல், தகரத்துக்கு வால் என்று போய்க்கொண்டே இருந்தான், நிறுத்தினேன். சுழியை ரொம்ப வளைத்தால் 'ளீ' ஆகிவிடும். வளைத்த பிறகு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தமிழ் படிக்கும் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

எழுத்துப்பிழையில் ஒரு வார்த்தை. என் சர்வீஸில் நான் அழுத ஒரே நாள், ஒரு படக் குழுவின் போஸ்டரில் ஒளிப்பதிவாளர் பெயரை 'ஒலிப்பதிவு' என்று போட்டு ஐம்பது பிரதி அடித்த நாள். பிழை என்னுடையது, காகிதக் காசும் என்னுடையது. ஒளிப்பதிவு கேமரா, ஒலிப்பதிவு மைக், இரண்டு பெயரும் மேலும் கீழுமாக வருவதால் கண் ஏமாறும். 'இயக்குனர்' என்று எழுதினால் நம்மூர்த் தமிழாசிரியர் ஒருவராவது 'இயக்குநர்' என்று திருத்தி உங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார். முன்கூட்டியே நகரம் போட்டுவிடுங்கள்.

கீழே பெயர் வரிசை. ஆங்கிலப் போஸ்டர்களில் ஒல்லியாக உயரமான எழுத்தில் வருமே, அதைத் தமிழில் செய்ய ஆசைப்பட்டு எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். 'ணை', 'ஞா' எல்லாம் மூச்சுத் திணறும், செங்குத்துக்கோடு இளைத்துப் படுக்கைக்கோடு தடித்தது போலத் தெரியும். அனெக் தமிழில் நசுக்காமலே ஒல்லியாக வடிவமைத்த வகை உண்டு, அதைப் போடுங்கள். பத்து பெயருக்கு மேல் வேண்டாம். அம்மா, மாமா, சாப்பாடு கொண்டுவந்தவர் எல்லாருக்கும் படத்தின் முடிவில் இடம் இருக்கிறது. படம் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வயதுத் தரப்பாடு வாங்கியிருந்தால், பிஜி, பிஜி13 என்று எது கிடைத்ததோ அதற்கு ஒரு மூலையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் அளவு. முழு போஸ்டரையும் ஏ2-வில் செய்யுங்கள், 420-க்கு 594 மில்லிமீட்டர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 4961-க்கு 7016 பிக்சல். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் ஓட வேண்டும், வெட்டும்போது வெள்ளைக்கோடு விழாமல் இருக்க. எழுத்து எதுவும் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் வேண்டாம்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ், சன்ஷைன் பிளாசா இரண்டிலும் அச்சுக்கடைகள் உண்டு, ஒன்றிரண்டு பிரதி என்றாலும் அடித்துத் தருவார்கள். நேரே ஏ2 அடிக்காதீர்கள். முதலில் ஏ4-இல் ஒன்று, ஒரு சில வெள்ளிதான் ஆகும். நாங்கள் போன கடை ஒன்றில் நிழல் தூணோடு கலந்து மொத்தமும் ஒரே கறுப்பாக வந்தது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் விடுவதில்லை. இருட்டான படம் என்றால் அச்சுப் பிரதியில் இருள் பகுதியைத் திரையில் பிடித்ததைவிடக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். சிவப்பும் சிஎம்ஒய்கேக்கு, அதாவது அச்சின் நான்கு மைகளுக்கு (சி சியான் நீலம், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கறுப்பு), மாறும்போது கொஞ்சம் செத்துவிடும், ஊதாவும் மின்னும் நீலமும் இன்னும் மோசம், ஆகவே மாற்றிப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கே 100 போட்டால் சாம்பல் பூத்திருக்கும். சி 60, எம் 40, ஒய் 40, கே 100 என்று போட்டால் ஆழமாக விழும். சின்ன எழுத்துக்கு மட்டும் வெறும் கே 100.

அப்புறம் கைபேசி. உண்மையில் உங்கள் போஸ்டரைப் பார்க்கப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டேதான் பார்ப்பார்கள். ஏ2-வை அப்படியே சுருக்கிப் போடாதீர்கள், விகிதமே வேறு. இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350-இல் தனியாக அடுக்குங்கள்: பெயர் வரிசையைத் தூக்கிவிட்டு, தூண்களில் இரண்டைக் கழித்து, தலைப்பை ஒன்றரை மடங்காக்குங்கள். லேயர்களைத் தனித்தனியாக வைத்திருந்தால் இது அரை மணி நேர வேலை. எழுத்தே இல்லாத பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள், விழாக்காரர்களோ பத்திரிகைக்காரர்களோ கடைசி நிமிடத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

அச்சான பிரதியைச் சுருட்டும்போது படம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு ஓரங்கள் முன்னால் சுருண்டு வரும். எங்கள் பிரதிகளில் ஒன்றை அக்கா மகன் அவசரத்தில் உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போனான். கல்லூரியில் ஒட்டிய அன்று சாயங்காலமே மேல் மூலை கழன்று, யாளியின் துதிக்கை மட்டும் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றதாம். அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அவர்கள் பதிவிட்டதிலேயே அதற்குத்தான் அதிக லைக்.